உப்புக்காற்று ஊரில் ரைசன் 5 5600: பழைய பி450 போர்டுக்கு எது சேரும், எது சேராது

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, வாலிநோக்கம் என்று கடலை ஒட்டிய ஊர்களில் 2018, 2019 வாக்கில் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கிய பலருடைய பெட்டிக்குள் ஏஎம்4 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) வைத்த பி450 மதர்போர்டுதான் இருக்கும். அதில் ஒரு ரைசன் 5 1600 அல்லது 2600 பிராசஸர், 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அல்லது ஆர்எக்ஸ் 570 கிராபிக்ஸ் கார்டு. இன்றைக்கு வரும் கேம்களுக்கு அந்தப் பெட்டி மூச்சு வாங்குகிறது. கடையில் கேட்டால் "மொத்தமா மாத்திருங்க" என்பார்கள். மொத்தமாக மாற்றுவதென்றால் அடுத்த தலைமுறை ஏஎம்5 போர்டு, டிடிஆர்5 ராம், பிராசஸர் மூன்றும் புதிதாக வேண்டும். 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு அந்தச் செலவு கையைக் கடிக்கிறது. அதற்கு முன்னால் ரைசன் 5 5600-ஐ ஒரு முறை பார்த்துவிடுங்கள். இந்தக் கடற்கரையில் பழைய பி450 வைத்திருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பிராசஸர் இல்லை என்பதே என் முடிவு. மிச்சமாகிற பணத்தை எங்கே போட வேண்டும் என்பதும் இந்த மதிப்புரையில் பாதி இடத்தைப் பிடிக்கும். ஏனென்றால் இங்கே கம்ப்யூட்டரைக் கொல்வது பழைய பிராசஸர் கிடையாது, கரண்டும் காற்றும்தான்.

முதலில் பிராசஸர். 2022 ஏப்ரலில் வந்தது. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும், 65 வாட். பழைய 1600-க்கும் அதே ஆறு கோர்தான், அதே 65 வாட்தான். ஆனால் 1600-இன் 16 எம்பி எல்3 கேச் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) எட்டு எட்டாக இரண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கும். 5600-இல் 32 எம்பி ஒரே இடத்தில், ஆறு கோரும் நேராக எடுத்துக்கொள்ளும்படி இருக்கிறது. கேமுக்கு இதுதான் முக்கியம். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) ஏறுவது ஒரு பக்கம்; கூட்டமான இடத்தில் திரும்பும்போது படம் வெட்டி வெட்டிப் போகுமே, அது குறைவதைத்தான் கண் உடனே உணரும். பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் சிறியது. சித்திரை வெயிலில் ஃபேன் மட்டும் ஓடும் அறையில் அது சத்தம் போடும், பிராசஸரும் 80 டிகிரியைத் தாண்டலாம். வரம்பு 90 என்பதால் கெட்டுவிடாது. சத்தம் பிடிக்காதவர்கள் 120 மிமீ ஃபேன் வைத்த சாதாரண டவர் கூலர் ஒன்று போட்டால் போதும்.

வாங்கும்போது எண்ணைக் கண்ணால் பாருங்கள். 5500, 5600ஜி, 5600ஜிடி என்று அண்ணன் தம்பி மாதிரிப் பெயர்கள் உண்டு. "ஏறக்குறைய ஒண்ணுதான்" என்று சொல்லி 5500-ஐக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் கேச் 16 எம்பிதான், பிசிஐஇ-யும் (கிராபிக்ஸ் கார்டு பேசும் வழி) 3.0-ஓடு நின்றுவிடும். ஜி எழுத்து உள்ளவற்றில் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, கேச் பாதி. 5600-இல் உள் கிராபிக்ஸ் அறவே கிடையாது. இதுவரை 2200ஜி அல்லது 3400ஜி வைத்து, தனி கார்டு இல்லாமல் ஓட்டியவர்கள் 5600-ஐ மட்டும் மாற்றினால் மானிட்டரில் படமே வராது. கார்டும் சேர்த்து வாங்கியாக வேண்டும்.

5700எக்ஸ்3டி-யைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. எட்டு கோர், 96 எம்பி கேச், கேமில் 5600-ஐ நன்றாகவே தாண்டும். ஆனால் 105 வாட் வகை, பெட்டியில் கூலர் வராது. விஆர்எம் (பிராசஸருக்குக் கரண்டைச் சீராக்கித் தரும் பகுதி) மேல் ஒரு துண்டு அலுமினியம்கூட இல்லாத மலிவு ஏ320, பி450 போர்டுகளில் அதை நம் ஊர் வெக்கையில் மணிக்கணக்காக ஓட்டச் சொல்ல மாட்டேன். போர்டு நல்லதாக இருந்து, கேபினட்டில் காற்றோட்டமும் இருந்தால் தாராளமாகப் போகலாம்.

விண்டோஸ் கணக்கும் இதில் சேர்கிறது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. ரைசன் 1600-ஐ விண்டோஸ் 11-க்கான பட்டியலில் மைக்ரோசாஃப்ட் சேர்க்கவில்லை. 2200ஜி, 2400ஜி பெயரில் 2000 வரிசையாக இருந்தாலும் உள்ளே முதல் தலைமுறைதான் என்பதால் அவையும் இல்லை. 5600 போட்டால் அந்தத் தடை விலகும். விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஆடுகிறவர்களுக்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் கட்டாயம். பயாஸில் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) எஃப்டிபிஎம்-ஐ, அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்-ஐ, ஆன் செய்து, பழைய முறையில் பூட் ஆக விடும் சிஎஸ்எம்-ஐ அணைக்க வேண்டும். டிஸ்க் பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் முறையில் இருந்தால் சிஎஸ்எம்-ஐ அணைத்ததும் விண்டோஸ் ஏறாது. அதற்கு முன்பே விண்டோஸுக்குள் இருக்கிற எம்பிஆர்2ஜிபிடி கருவியால் ஜிபிடி முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்கில் எடுத்து வைத்த பிறகு.

இப்போது பயாஸ். மாற்றுகிறவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. புது பிராசஸரைப் போட்டுவிட்டுப் பிறகு பயாஸ் அப்டேட் செய்யலாம் என்று நினைத்தால், ஃபேன் சுற்றும், படம் வராது. பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே அப்டேட் செய்ய வேண்டும். முதலில் போர்டின் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் பாருங்கள். கிகாபைட் போர்டுகளில் மூலையில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். கம்பெனியின் தளத்தில் அந்தப் போர்டுக்கான சிபியு பட்டியலில் 5600-க்கு எதிரே எந்த பயாஸ் பதிப்பு என்று போட்டிருக்கிறதோ அதையோ அதற்குப் பிந்தியதையோ எடுங்கள். சில போர்டுகளில் நடுவில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் கடைசிப் பதிப்புக்குப் போக முடியும். பதிப்புக் குறிப்பில் எழுதியிருப்பார்கள், படியுங்கள். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) ஆனில் இருந்தால் ரெக்கவரி கீயை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டுத் தொடங்குங்கள். பயாஸ் மாறினாலும் பிராசஸர் மாறினாலும் எஃப்டிபிஎம் பழையதை மறந்துவிடும், விண்டோஸ் அந்தக் கீயைக் கேட்கும்.

அப்டேட் ஓடும் ஐந்து பத்து நிமிடத்தில் கரண்ட் போனால் போர்டு போச்சு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளன்றோ, வாடைக்காற்று கம்பியைப் போட்டு ஆட்டும் ஐப்பசி, கார்த்திகை ராத்திரியிலோ இதைத் தொடாதீர்கள். யுபிஎஸ் இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு இரவல் வாங்கியாவது வையுங்கள். எம்எஸ்ஐ பி450 டோமஹாக் மேக்ஸ், மார்ட்டார் மேக்ஸ் போன்றவற்றில் பின்பக்கம் ஒரு ஃப்ளாஷ் பயாஸ் பட்டன் இருக்கிறது. எஃப்ஏடி32-ஆக ஃபார்மேட் செய்த பென்டிரைவில் பயாஸ் ஃபைலை MSI.ROM என்று ஆங்கில எழுத்தில் பெயர் மாற்றிப் போட்டு, குறித்த யுஎஸ்பி ஓட்டையில் செருகி, பட்டனை அழுத்தினால் பிராசஸரே இல்லாமல்கூட ஏறிவிடும். பாதியில் கெட்ட பயாஸையும் இதே வழியில் மீட்கலாம். பழைய பி450 ஒன்றைக் கைமாற்றாக வாங்குகிறவர்கள் இந்தப் பட்டன் உள்ளதாகத் தேடுங்கள்.

அப்டேட் முடிந்ததும் பயாஸ் அமைப்புகள் எல்லாம் அழிந்து முதல் நிலைக்குப் போகும். ராமின் எக்ஸ்எம்பி (அதை முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைந்து 3200-இல் ஓடியது 2133-க்கோ 2400-க்கோ இறங்கியிருக்கும், எஸ்விஎம் என்ற மெய்நிகராக்க வசதியும் அணைந்திருக்கும். எஸ்விஎம் இல்லாவிட்டால் மொபைல் கேமான ஃப்ரீ ஃபயரைக் கம்ப்யூட்டரில் ஆட உதவும் எமுலேட்டர்கள் தவழும் அல்லது திறக்கவே திறக்காது. "புது பிராசஸர் போட்டும் பழசைவிட மெதுவா இருக்கு" என்று புகார் வருகிற பல இடங்களில் காரணம் இந்த இரண்டும்தான்.

பொருத்தும் வேலையில் ஒரு ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏஎம்4-இல் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன, மொத்தம் 1331. ஐந்தாறு வருடம் வெக்கையில் காய்ந்த தெர்மல் பேஸ்ட் பசை போல இறுகியிருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால், சாக்கெட் நெம்பு பூட்டியிருந்தாலும் பிராசஸர் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். கழற்றும் முன் ஏதாவது கேமைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றுங்கள். பிறகு அணைத்து, வயரைப் பிடுங்கி, கூலரின் திருகுகளைத் தளர்த்தி, இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி விட்டது தெரிந்த பிறகு தூக்குங்கள். ரெய்த் ஸ்டெல்த் நான்கு திருகில் உட்காரும். போர்டில் பிளாஸ்டிக் கொக்கிகள் இருந்தால் அவற்றைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது பின்பக்கத் தகடு கீழே விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தத் தகடு திரும்பவும் வேண்டும். திருகுகளைக் குறுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். முதல் தடவை ஆன் செய்ததும் ஒன்றிரண்டு நிமிடம் திரை இருட்டாகவே கிடக்கலாம். ராமைப் பழகிக்கொள்கிறது, அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

ராம் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிடிஆர்4, 3200, இரண்டு எட்டு ஜிபி குச்சிகள். பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஓட்டைகளில். ஏற்கெனவே ஒற்றை எட்டு இருந்தால் அதே கம்பெனி, அதே வேகம், அதே டைமிங் உள்ளதைப் பக்கத்தில் வையுங்கள். 3600-க்கு மேல் பணம் கொடுப்பது வீண்.

கிராபிக்ஸ் கார்டு தேர்வில்தான் பி450-இன் வயது தெரியும். இந்தப் போர்டு எந்தப் பிராசஸர் போட்டாலும் பிசிஐஇ 3.0-தான் கொடுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060, 5060, 5060 டிஐ மூன்றும் எட்டு லேன் (தரவு போகும் தடம்) மட்டுமே பயன்படுத்தும் கார்டுகள். 3.0-இல் எட்டு லேன் என்றால் நொடிக்குச் சுமார் 8 ஜிபி வழி; பதினாறு லேன் என்றால் சுமார் 16. கார்டின் சொந்த மெமரிக்குள் கேம் அடங்கும்வரை இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அடங்காமல் வழிந்தால், வழிந்தது மெயின் ராமிலிருந்து இந்தச் சந்து வழியாகத்தான் போய் வர வேண்டும். அப்போது எஃப்பிஎஸ் பொத்தென்று விழும். 8 ஜிபி மெமரியும் எட்டு லேனும் சேர்ந்த கார்டு, 3.0 போர்டில் இரட்டைப் பலவீனம்.

அதனால் இந்தப் போர்டுக்கு என் முதல் தேர்வு ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி உள்ளது. 2025 ஜூனில் வந்தது. பதினாறு லேன் முழுசாக உண்டு, 160 வாட் அளவில் நிற்கும். 8 ஜிபி பதிப்பும் அதே பெயரில் விற்கிறது, அட்டைப்பெட்டியில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பணம் அவ்வளவு இல்லை, 1080பி மானிட்டர், வேலரன்ட், ஜிடிஏ 5 போன்றவைதான் என்றால் ஆர்டிஎக்ஸ் 4060 போதும். 115 வாட்தான், கோடையில் அது பெரிய ஆறுதல். கைமாற்றில் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி நல்ல நிலையில் கிடைத்தால் அதுவும் பதினாறு லேன் கார்டு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பி450-இல் போடாதீர்கள்: நான்கு லேன், 4 ஜிபி. கேமை ரெக்கார்ட் செய்ய உதவும் என்கோடரும் அதில் இல்லை. பழைய 1050 டிஐ, 1060-ஐ இன்னும் ஓட்டலாமா என்றால், என்விடியா 2025 அக்டோபரோடு அந்தத் தலைமுறைக்கு கேம் ரெடி டிரைவரை (புது கேம்களுக்காக வரும் டிரைவர்) நிறுத்திவிட்டது.

வாங்கும் முன் கேபினட்டில் டேப் வைத்து அளந்து பாருங்கள். கார்டின் நீளத்தோடு ஹார்டு டிரைவ் கூண்டு, முன் ஃபேன் இவற்றையும் கணக்கில் எடுங்கள். சின்ன மைக்ரோ போர்டுகளில் இரண்டரை ஓட்டை தடிமனுள்ள கார்டு, ஹார்டு டிஸ்க் வயர் மாட்டும் சாட்டா செருகிகளின் மேல் உட்கார்ந்துகொள்ளும். போர்டிலேயே செருகும் எம்.2 எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போனால் பயப்பட வேண்டாம்; பல பி450 போர்டுகளில் எம்.2 ஓட்டை ஒன்றிரண்டு சாட்டா செருகிகளை அணைத்துவிடும், வேறு செருகிக்கு மாற்றினால் வரும்.

கம்ப்யூட்டருக்குக் கரண்டை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ்-க்கு வருவோம். மிச்சமான பணம் போக வேண்டிய முதல் இடம் இது. கேபினட்டோடு வந்த, மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய, தூக்கினால் காலி டப்பா மாதிரி கனக்காத எஸ்எம்பிஎஸ்ஸில் 160 வாட் கார்டைக் கட்டக் கூடாது. 5600-க்கு அதிகபட்சம் 90 வாட்டுக்குள், கார்டுக்கு 160, மற்றதெல்லாம் 50 என்று வைத்தால் 300. கார்டு நொடிநேரம் துள்ளும் துள்ளலுக்கு இடம் விட்டு நல்ல கம்பெனியின் 550 அல்லது 650 வாட் வாங்குங்கள். 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze), கோல்டு என்பது கரண்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான முத்திரை. பாதுகாப்புக்கான சான்று இல்லை. பக்கத்து லேபிளில் இன்புட் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். இந்தியாவில் விற்கும் சில மலிவு வகைகளில் 200–240 என்றே இருக்கும். லைனின் கடைக்கோடியில் இருக்கும் தெருக்களில் மாலை நேரம் மோட்டாரும் ஏசியும் ஓடும்போது வோல்டேஜ் 190-க்கு இறங்கினால் அந்த வகை கேமின் நடுவில் அணைந்துவிடும். பழி கார்டின் மேல் விழும். இன்னொன்று: வயரைக் கழற்றி மாட்டும் வகையான மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸின் வயரை வேறு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸில் செருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே வோல்டேஜ் வரிசை வேறாக இருக்கும், டிஸ்க் கருகும்.

கேபினட்டைத் தொட்டால் கை ஜிவ்வென்று இழுக்கிறது என்றால் வீட்டு எர்த் வேலை செய்யவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு வடிகட்டும் கெபாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் அறுந்தால் பாடியில் பாதி வோல்டேஜ், 115 அளவில், மிதக்கும். கடலோரத்தில் எர்த் கம்பியும் இணைப்பும் உப்பில் அரித்துப்போவது சீக்கிரம். மணல் தரை ஈரம் வற்றினால் எர்த் பிடிக்காது. மல்டிமீட்டரில் லைன்–எர்த் இடையே 230-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்ட பிறகு புது கார்டைச் செருகுங்கள்.

யுபிஎஸ்ஸில் 600 விஏ என்று போட்டிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான். 300 வாட் பெட்டியும் மானிட்டரும் சேர்ந்தால் அது கத்திவிட்டு விழும். 1000 விஏ, 600 வாட் வகை வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் சைன் வேவ் வகைதானா என்று பாருங்கள். பின்னால் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது முழுச் சுமையில் சுமார் 17 மில்லி செகண்ட். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுக்கும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்.

இனி காற்று. காற்றிலுள்ள ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். அடுக்களையில் உப்பு ஜாடி வேர்க்கிற அதே வேலைதான் போர்டின் மேல் படிந்த உப்புத் தூசியிலும் நடக்கிறது. அந்த ஈரம் கரண்ட் கடத்தும், செம்பை அரிக்கும். ராம் ஓட்டை, கார்டு ஓட்டை, பேட்டரிக் கூடு, கேபினட் திருகு, பின்பக்கத் தகடு என்று வரிசையாகப் பச்சையும் துருவும் பூக்கும். அணைத்தே கிடக்கும் பெட்டிதான் முதலில் கெடும். ஓடும் பெட்டி தன் சூட்டில் உள்ளே உலர்ந்திருக்கும். மழைக்காலத்தில் ஆடாவிட்டாலும் தினம் ஒரு மணி நேரம் ஆன் செய்து வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே பெட்டியை வைக்காதீர்கள். ஏசி அறையில் இன்னொரு எச்சரிக்கை: 20 டிகிரிக்குக் குளிர்ந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் கண்ணாடி வேர்க்கிறது அல்லவா, அணைந்து குளிர்ந்துகிடக்கும் கிராபிக்ஸ் கார்டும் அப்படித்தான் வேர்க்கும். அறை சூடேறி அரைமணி நேரம் கழித்து ஆன் செய்யுங்கள்.

கேபினட்டில் முன்னால் வலையும் அதன் பின் கழற்றிக் கழுவும் ஃபில்டரும் இருக்க வேண்டும். உள்ளே இழுக்க இரண்டு ஃபேன், வெளியே தள்ள ஒன்று. உள்ளே காற்று கொஞ்சம் மிகுதியாக இருந்தால் இடுக்குகள் வழியாகத் தூசி ஏறாது. ஃபில்டரைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கழுவி முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். உப்பு கலந்த தூசி பிசுபிசுவென்று ஒட்டும், புளோயரால் போகாது. வயரைப் பிடுங்கிவிட்டு, மென்மையான பிரஷ்ஷை 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தொட்டுத் துடையுங்கள். படம் வராமல் போர்டில் டிராம் லைட் (ராம் கோளாறைக் காட்டும் விளக்கு) எரிந்தால் ராமைக் கழற்றி, தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாக இரண்டு தேய், பிறகு ஆல்கஹால். அழுத்தித் தேய்த்தால் மெல்லிய தங்கப் பூச்சே போய்விடும், அதன் பிறகு அரிப்பு இன்னும் வேகம். கடிகாரம் அடிக்கடி பழைய தேதிக்குப் போனால் சிஆர்2032 பேட்டரியோடு அதன் கூட்டையும் பாருங்கள்.

பெரும்பாலான வாரண்டி விதிகளில் துருவுக்கும் அரிப்புக்கும் இடமில்லை. ராமநாதபுரத்திலிருந்து மதுரை 110 கிலோமீட்டருக்கு மேல், ராமேசுவரத்திலிருந்து ஏறக்குறைய 170. ஒரு கார்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை போய் வந்தால் ஒரு நாள் கூலி போகும். அதனால் பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள். பிராசஸரைப் பெட்டியோடு வாங்குங்கள், பெட்டியில்லாமல் டிரேயில் வருவது வேண்டாம். பிரித்த அன்றைக்கே போர்டு, கார்டு இரண்டின் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வையுங்கள், பட்டைகள் பளிச்சென்று தெரியும்படி.